வேலை ஒருத்தர் மனச கெடுக்குமா, இல்ல அவர் மனசு தான் வீக்கா?

கேட்டிருந்தது இது தான்: "என் தம்பி பெருங்குடில ஒரு பிபிஓ-ல டீம் லீட். ஒரு வருஷமா சரியா தூக்கம் இல்ல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிறு கலக்குதுங்கறான், வீட்ல யார் என்ன கேட்டாலும் எரிஞ்சு விழறான். அப்பா ஐசிஎஃப்ல, அதான் ரயில் பெட்டி செய்யற ஃபேக்டரில, முப்பது வருஷம் வேலை பார்த்தவர், நாங்க பார்க்காத வேலையா, இந்தக் காலத்து பசங்களுக்கு மனசுல தெம்பு இல்லங்கறார். நிஜமாவே வேலை ஒருத்தர் மனச கெடுக்குமா, இல்ல இவன் தான் வீக்கா?"

நேரா சொல்லிடறேன், கெடுக்கும். நல்லா தெம்பா இருந்த ஆளையும் கெடுக்கும். இதுல நாப்பது வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி நடந்திருக்கு, எந்த மாதிரி வேலை எப்படி கெடுக்கும்ங்கறது வரைக்கும் தெரியும். நான் தொழிலாளர் உடல்நலம் பார்க்கற டாக்டர், முதல்ல அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரிகள்ல ஓஹெச்சி-ல உக்காந்திருந்தேன், இப்ப ஓஎம்ஆர்ல ஐடி, பிபிஓ ஆளுங்கள பார்க்கறேன். அதனால ரெண்டு பக்கமும் பார்த்தத வெச்சு கொஞ்சம் விவரமாவே எழுதறேன், நீளமா போகும், பொறுமையா படிங்க.

ஓஹெச்சின்னா ஃபேக்டரிக்குள்ளயே இருக்கற சின்ன கிளினிக். அங்க யாரும் வந்து "டாக்டர், எனக்கு மனசு சரியில்ல"ன்னு சொல்றதே இல்ல. நெஞ்செரிச்சல்னு வருவாங்க, தலைவலி, கழுத்து பிடிப்பு, பிபி ஏறியிருக்கு, ராத்திரி தூக்கம் வரல ஒரு மாத்திரை குடுங்கன்னு வருவாங்க. மாத்திரை குடுத்து அனுப்பிட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுது. ஆனா மாசக் கடைசில ரிஜிஸ்டர புரட்டி பார்த்தா ஒரே லைன்ல இருந்து, ஒரே சூப்பர்வைசர் கீழ இருக்கறவங்க தான் திரும்பத் திரும்ப வந்திருப்பாங்க. பக்கத்து லைன்ல அதே மெஷின், அதே சம்பளம், அதே கேன்டீன் சாப்பாடு, அங்கேர்ந்து பெருசா யாரும் வந்திருக்க மாட்டாங்க. ஆளு வீக்கா இருக்கறது தான் காரணம்னா வீக்கான ஆளுங்க எல்லாரும் எப்படி பொறுக்கி எடுத்த மாதிரி ஒரே லைன்ல வந்து சேர்ந்தாங்க? அப்பாவுக்கு முதல் பதில் இது தான்னு நினைக்கறேன்.

சரி, அந்த லைன்ல அப்படி என்ன இருக்கு? வேலை ஜாஸ்தின்னு தான் எல்லாரும் முதல்ல சொல்வாங்க. வேலை ஜாஸ்தி ஒரு காரணம் தான், ஆனா அது மட்டும் தனியா வந்து ஆள உடைக்கறது கம்மி. 1979ல ராபர்ட் கராசெக்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஸ்வீடன்லயும் அமெரிக்காவுலயும் தொழிலாளர்கள்கிட்ட எடுத்த தகவல்கள வெச்சு பார்த்தார். வேலை நெருக்கடி ஜாஸ்தி, அதே சமயம் அந்த வேலைய எப்படி செய்யணும், எப்ப செய்யணும்னு முடிவு பண்ற உரிமை கம்மி, இந்த ரெண்டும் சேர்ற இடத்துல தான் சோர்வும் மனச்சோர்வும் தூக்கக்கேடும் குவிஞ்சிருந்தது. நெருக்கடி ஜாஸ்தியா இருந்தும் முடிவு தன் கைல இருந்தவங்க அவ்வளவு மோசமா போகல. 80கள்ல இதோட மூணாவதா ஒண்ணு சேர்த்தாங்க, கூட நிக்கறவங்க ஆதரவு. நெருக்கடி இருக்கு, உரிமை இல்ல, பக்கத்துல தோள் குடுக்கவும் ஆள் இல்ல, இது மூணும் ஒண்ணா அமைஞ்சா அது தான் ரொம்ப மோசம்.

உரிமைன்னா பெரிய பெரிய முடிவுன்னு நினைச்சுக்காதீங்க. அசெம்பிளி லைன்ல நிக்கறவருக்கு ஒண்ணுக்கு போகணும்னா ரிலீவர் வரணும், அதாவது அந்த இடத்துல மாத்தி நிக்க ஒரு ஆள். ஒரு ரிலீவர் பல பேருக்கு பொதுவா இருப்பார். இவர் கைய தூக்கி காட்டுவார், ரிலீவர் வேற ஒருத்தர் இடத்துல நின்னுட்டிருப்பார், லைன் நிக்காது, இவர் அடக்கிட்டே நட்டு முடுக்கிட்டிருப்பார். இதுக்கு பயந்து காலைலேர்ந்தே தண்ணி குடிக்காம இருக்கற பொண்ணுங்க யூரின் இன்ஃபெக்‌ஷனோட என்கிட்ட வந்திருக்காங்க. சரி இது ஃபேக்டரி, இப்ப உங்க தம்பி ஃப்ளோருக்கு வாங்க. ஏசி இருக்கு, சுத்தற சேர் இருக்கு, கழுத்துல டேக் இருக்கு, ஆனா ஸ்க்ரீன்ல ஆக்ஸ்னு ஒண்ணு இருக்கும். ஃபோன் கால் எடுக்காம இருக்கற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அதுல ஒரு காரணம் அழுத்தணும், லஞ்ச், டீ, மீட்டிங், பயோ. பயோன்னா பாத்ரூம். யார் எத்தன நிமிஷம் பயோல இருந்தாங்கன்னு ரிப்போர்ட் வரும், மேல இருக்கறவங்க அத டீம் லீடுக்கு ஃபார்வர்ட் பண்ணி ஏன் ஜாஸ்தின்னு கேப்பாங்க, அவர் போய் அந்த பொண்ணுகிட்ட "இன்னிக்கு ஏம்மா இவ்ளோ நேரம் பயோ"ன்னு கேக்கணும். அந்த பொண்ணுக்கு அது எப்படி இருக்கும்னு நமக்கு உடனே புரியும். கேக்கற ஆளுக்கும் அது ராத்திரி தூக்கத்த கெடுக்கும்ங்கறத பல பேர் யோசிக்கறதில்ல.

ஏன்னா டீம் லீட் வேலை இருக்கே, அது தனி ரகம், என்கிட்ட வர்றதுல கணிசமான பேர் இந்த ரேங்க்ல இருக்கறவங்க தான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கறது இவங்களுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். கிளையண்ட் கேக்கற நம்பருக்கு பொறுப்பு இவரு, ஆனா அந்த நம்பர ஒத்துக்கிட்ட மீட்டிங்ல இவர் இல்ல. டீம்ல ரெண்டு பேர் பேப்பர் போட்டுட்டு போயிட்டாங்க, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கற அதிகாரம் இவருக்கு இல்ல, ஆனா ஷிஃப்ட்ல சீட் காலியா இருந்தா பதில் சொல்ல வேண்டியது இவரு. ஒரு பையன் பாட்டி செத்துட்டாங்க லீவு வேணும்ங்கறான், லீவு அப்ரூவ் பண்றது சிஸ்டம்ல வேற யாரோ, இல்லன்னு சொல்ற முகம் மட்டும் இவரோடது. நல்லா வேலை பார்க்கற பொண்ணுக்கு சம்பளம் ஏத்தி குடுக்க முடியாது, ஆனா அவ விட்டுட்டு போனா "ஏன் ரீடெயின் பண்ணல"ன்னு ரிவ்யூல இவர கேப்பாங்க. பொறுப்பு முழுசா இருக்கு, அதிகாரம் கொஞ்சம் கூட இல்ல. கராசெக் சொன்ன அந்த மோசமான மூலை, உங்க தம்பிக்கு அது தான் தினமும் உக்கார்ற சீட். அதோட இன்னொண்ணும் இருக்கு, முந்தாநாள் வரைக்கும் கூட உக்காந்து டீ குடிச்ச ஃபிரெண்ட்ஸுக்கு இப்ப ரேட்டிங் போடணும், அதனால பழைய கூட்டம் மெல்ல விலகிடும், புதுசா மேனேஜர் கூட்டத்துலயும் சேர்த்துக்க மாட்டாங்க. பேச ஆள் இல்லாம போறது அப்படித்தான்.

லண்டன்ல அரசாங்க ஆபீஸ் ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல 1985ல ஆரம்பிச்சு பல வருஷம் தொடர்ந்து பார்த்துட்டு வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, வைட்ஹால்னு சொல்வாங்க, மைக்கேல் மார்மட் தலைமைல நடந்தது. மேல இருக்கற பெரிய அதிகாரிக்கு தான் டென்ஷன், ஹார்ட் அட்டாக் எல்லாம் வரும்னு தானே நாம நினைப்போம், அங்க தலைகீழா இருந்தது. படி இறங்க இறங்க இதய நோய் ஜாஸ்தியாச்சு. எல்லாரும் ஆபீஸ்ல உக்காந்து வேலை பார்க்கறவங்க, யாரும் சோத்துக்கு கஷ்டப்படறவங்க இல்ல, வைத்தியமும் எல்லாருக்கும் இலவசம். புகை, கொழுப்பு, பிபி எல்லாம் கணக்குல எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் முழுசா மறையல, தன் வேலை மேல தனக்கு எவ்வளவு பிடி இருக்குங்கறது அதுல பெரிய பங்கு வகிச்சது. மனசுல ஆரம்பிக்கறது மனசோட நிக்காதுன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

அடுத்தது நியாயம். ஜெர்மனில யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996ல சொன்னது, போடற உழைப்புக்கும் திரும்பக் கிடைக்கறதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் ரொம்ப நாள் இருந்தா ஆள் நோயாளி ஆகிடுவார்னு. திரும்பக் கிடைக்கறதுன்னா சம்பளம் மட்டும் இல்ல, மதிப்பு, வேலை நிலைக்கும்ங்கற நம்பிக்கை, மேல போற வழி எல்லாம் சேர்த்து தான். நம்ம ஊர்ல இது ஏப்ரல் மாசம் அப்ரைசல் சமயத்துல கண்ணால பார்க்கலாம். பெல் கர்வ்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, டீம்ல எல்லாரும் நல்லா வேலை பார்த்திருந்தாலும் இத்தன பேர கட்டாயம் கீழ தள்ளணும். வருஷம் முழுக்க சனிக்கிழமை எல்லாம் வந்து வேலை பார்த்த ஆளுக்கு ஆவரேஜ்னு போட்டு, காரணம் கேட்டா "விசிபிலிட்டி பத்தல"ம்பாங்க. அந்த ஆள் அன்னிக்கு அழ மாட்டார், சண்டை போட மாட்டார். ரெண்டு மாசம் கழிச்சு முதுகுவலின்னு என்கிட்ட வருவார். சம்பளம் ஏறாததோட வலி கொஞ்ச நாள்ல ஆறிடும், ஏமாத்திட்டாங்கன்னு தோணினா அது சீக்கிரம் ஆறாது, நான் பார்த்த வரைக்கும்.

இப்ப அவமானம். இத பத்தி எனக்கு கோபமே வரும். ஃப்ளோருக்கு நடுவுல நிக்க வெச்சு கத்தறது, வாட்ஸ்அப் குரூப்ல பேரு போட்டு "லாஸ்ட் பர்ஃபார்மர்"னு சிவப்பு கலர்ல டேபிள் போடறது, கான்ஃபரன்ஸ் கால்ல ஐம்பது பேர் இருக்கும்போது "உனக்கு இங்கிலீஷ் புரியுமா இல்லயா"ன்னு கேக்கறது, இதெல்லாம் கண்டிப்புன்னு பேர் வெச்சுக்கறாங்க. இன்னொரு வகை இருக்கு, சத்தமே இல்லாதது. மீட்டிங்குக்கு கூப்பிட மாட்டாங்க, மெயில்ல சிசி-ல இருந்து எடுத்துடுவாங்க, இவர் வந்தா பேச்ச நிறுத்திடுவாங்க, கைல இருந்த வேலைய ஒண்ணொண்ணா புடுங்கி ஆள சும்மா உக்கார வெப்பாங்க. ஸ்வீடன்ல ஹைன்ஸ் லேமன்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர் 80கள்லயே இத தனியா ஆராய்ஞ்சு எழுதினார், கூட்டமா சேர்ந்து ஒருத்தர மாசக்கணக்குல ஒதுக்கினா அந்த ஆளுக்கு பெரிய விபத்துல மாட்டினவங்களுக்கு வர்ற மாதிரியே அறிகுறிகள் வருதுன்னு. நம்ம ஊர்ல இதுக்குள்ள ஜாதியும் வரும். "சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு, குலதெய்வம் எது"ன்னு லஞ்ச்ல சாதாரணமா கேக்கற கேள்வி, பதில் வந்த பிறகு டிபன் பாக்ஸ் பகிர்றது நின்னு போகும். இத என்கிட்ட சொன்னவங்க யாரும் ஹெச்ஆர்கிட்ட சொன்னதில்ல, என்னன்னு எழுதிக் குடுக்கறதும்பாங்க. அவங்க சொல்றது நியாயம் தான், அதுக்கு ஒரு ஃபார்ம் கூட பல ஆபீஸ்ல இல்ல.

பாலியல் தொல்லைக்காவது சட்டம் இருக்கு. 1997ல சுப்ரீம் கோர்ட் குடுத்த விசாகா தீர்ப்பு, அதுக்கப்புறம் 2013 சட்டம். பத்து பேர் வேலை பார்க்கற எந்த இடத்துலயும் உள் புகார் குழு இருக்கணும், சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா குழு இன்னும் 3 மாசம் நீட்டிக்கலாம், விசாரணைய 90 நாள்ல முடிக்கணும். பத்து பேருக்கு கம்மியா இருக்கற இடம்னா, இல்ல முதலாளி மேலயே புகார்னா மாவட்ட அளவுல இருக்கற குழுகிட்ட போகலாம். ஆனா சும்மா கத்தறது, ஒதுக்கறது, அசிங்கப்படுத்தறது இதுக்கெல்லாம் இதே மாதிரி நேரா ஒரு சட்டம் நம்மகிட்ட இல்ல, பெரிய ஓட்டை அது. பிரான்ஸ்ல டெலிகாம் கம்பெனி ஒண்ணு ஆயிரக்கணக்கான பேர வெளியேத்தணும்னே ஆபீஸ் சூழலயே நரகமாக்கினதுக்கு 2019ல அதோட முன்னாள் தலைவருக்கு தண்டனையே குடுத்தாங்க. தனிப்பட்ட மேனேஜர் கெட்டவர்னு சொல்லல, கம்பெனியோட திட்டமே தொல்லைன்னு கோர்ட் சொல்லிச்சு. அது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா கத்தற மேனேஜர்ல பாதி பேர் மேலேர்ந்து வர்ற அழுத்தத்த கீழ கடத்தறவங்க தான், அவர மாத்தினா வர்ற அடுத்த ஆளும் ஆறு மாசத்துல கத்துவார்.

நேரம் பத்தி சுருக்கமா. உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓ-ங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல வெளியிட்ட கணக்கு: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கறவங்களுக்கு, 35-40 மணி நேரம் பார்க்கறவங்கள விட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் ஜாஸ்தி, இதய நோயால சாகற ஆபத்து 17 சதவீதம் ஜாஸ்தி. 2016ல மட்டும் இதனால செத்தவங்க சுமார் 7,45,000 பேர். நம்ம ஊர்ல இதோட டிராவல் நேரத்தயும் சேர்க்கணும், அம்பத்தூர்லயோ தாம்பரத்துலயோ வீடு வெச்சுட்டு சிறுசேரி வரைக்கும் போயிட்டு வர்றவங்களுக்கு தூங்கற நேரத்துலேர்ந்து தான் அது போகுது. 2023 ஏப்ரல்ல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி விடற மசோதா நம்ம சட்டசபைல நிறைவேறிச்சு, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததுல மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க, மே 1 அன்னிக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். அது நல்லதாச்சுன்னு ஒரு டாக்டரா சொல்றேன். நைட் ஷிஃப்ட் பத்தி தனியா ஒரு பதிலே எழுதலாம், இப்போதைக்கு இவ்வளவு: ராத்திரி முழுக்க முழிச்சிட்டு பகல்ல தூங்கறது தூக்கத்துக்கு முழு ஈடு ஆகாது, அதுலயும் வாரா வாரம் ஷிஃப்ட் மாத்தறது இன்னும் மோசம், உடம்பு எந்த நேரத்துக்கும் பழகறதுக்குள்ள மாறிடும். தூக்கம் கெட்டா மனச்சோர்வு வரும், மனச்சோர்வு வந்தா தூக்கம் கெடும், எது முதல்லன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம்.

ஆபீஸ் மட்டும் இல்லங்க. தி.நகர் ரங்கநாதன் தெரு பக்கம் துணிக்கடைல காலைல பத்து மணிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருந்த பொண்ணுங்கள நினைச்சு பாருங்க. கடை காலியா இருந்தா கூட உக்கார கூடாது. 2021ல தான் கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, வேலை பார்க்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல எழுதினாங்க. ஸ்டூல் ஒரு உடம்பு விஷயம்னு தோணும், வெரிகோஸ் வெயின், கால் வீக்கம்னு. ஆனா "நீ உக்கார கூடாது"ன்னு ஒரு வளர்ந்த ஆள பார்த்து தினமும் சொல்றது மனசுல என்ன பண்ணும்னு அந்த பொண்ணுங்ககிட்ட பேசினா தெரியும். இதுக்கு மேல அறுபது புடவை விரிச்சு காட்டின பிறகு "ஒண்ணும் நல்லா இல்ல"ன்னுட்டு எழுந்து போற கஸ்டமர பார்த்தும் சிரிக்கணும். கால் சென்டர்ல அசிங்கமா திட்டறவன்கிட்டயும் "தேங்க்யூ ஃபார் காலிங்" சொல்லணும். உள்ள ஒண்ணு, முகத்துல ஒண்ணுன்னு எட்டு மணி நேரம் வெச்சிருக்கறது நிஜமான உழைப்பு, அதுக்கு யாரும் சம்பளம் போடறதில்ல, அடக்கி வெச்சத வீட்டுக்கு வந்து தான் கொட்டறாங்க. உங்க தம்பி வீட்ல எரிஞ்சு விழறதுல இதுக்கும் பங்கு இருக்கும்.

சில வேலைகள்ல காயம் நேராவே படும். 108 ஆம்புலன்ஸ்ல போறவங்க, மார்ச்சுவரில வேலை பார்க்கறவங்க, தண்டவாளத்துல உடல் எடுக்கற ரயில்வே ஆளுங்க, அப்புறம் சமூக வலைத்தளத்துல வர்ற கொலை, குழந்தை வதை வீடியோ எல்லாம் பார்த்து நீக்கற கன்டென்ட் மாடரேட்டர்ஸ். அமெரிக்கால அந்த மாடரேட்டர்ஸ் போட்ட கேஸ்ல 2020ல ஃபேஸ்புக் 5 கோடியே 20 லட்சம் டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு.

வேலை போயிடுமோங்கற பயம் தனி. 2014 நவம்பர்ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரிய மூடினப்போ ஆயிரக்கணக்கான சின்ன வயசு பசங்க பொண்ணுங்க ஒரே சமயத்துல வெளில வந்தாங்க. வேலை போனது ஒரு அடி, ஆனா அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல போகுமா போகாதான்னு தெரியாம இருந்த காலம் அதுக்கு சமமான அடி. கெட்ட செய்திய மனுஷன் எப்படியாவது தாங்கிடுவான், தெரியாம வெச்சிருக்கறத தாங்க மாட்டான். இப்ப ஐடி-ல பிஐபி-ல, அதாவது வேலைய முன்னேத்திக் காட்ட ஒரு கெடு வெக்கற திட்டத்துல, போட்டுட்டாங்கன்னு சொல்வாங்களே, அறுபது நாள்ல திருந்தணும்னு பேருக்கு ஒரு பேப்பர், உள்ளுக்குள்ள முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு, அந்த அறுபது நாள் ஒரு ஆள் படற பாடு இருக்கே, அதுக்கு பதிலா முதல் நாளே காசு குடுத்து அனுப்பிடலாம்.

இப்ப அப்பாவுக்கு வரேன், அவர் சொல்றத நான் தள்ளி விடல. ஐசிஎஃப் வேலை சொகுசான வேலை இல்ல, இரும்பு, வெல்டிங் புகை, சத்தம், வெயில். அவர் உழைச்ச உழைப்பு பெருசு. ஆனா ஒண்ணு கேளுங்க அவர்கிட்ட. ஷிஃப்ட் முடிஞ்சு சங்கு ஊதினா வேலை கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுடும், ராத்திரி பத்து மணிக்கு ஃபோர்மேன் வீட்டுக்கு வந்து "அந்த போகி என்னாச்சு"ன்னு கேட்டாரா? சூப்பர்வைசருக்கு ஒரு நாள் மூட் சரியில்லன்னு அவர் சம்பளத்துல கை வைக்க முடிஞ்சுதா? அநியாயம்னு தோணினா யூனியன் ஆபீஸ் இருந்துச்சா இல்லயா? அடுத்த வருஷம் இந்த வேலை இருக்குமான்னு ஒரு ராத்திரியாவது முழிச்சிட்டு கிடந்தாரா? முப்பது வருஷம் அதே கூட்டாளிங்க, பெரம்பூர்லயோ அயனாவரத்துலயோ பக்கத்து பக்கத்து குவார்ட்டர்ஸ், கல்யாணம் காதுகுத்து எல்லாம் ஒண்ணா. உடம்பு ஒடிஞ்சது, மனசுக்கு நாலு பக்கமும் முட்டுக் குடுத்திருந்தாங்க. தம்பிக்கு உடம்புக்கு ஏசி இருக்கு, அந்த நாலு முட்டுல ஒண்ணும் இல்ல. அதோட அந்தக் காலத்துலயும் உடைஞ்சவங்க இருந்தாங்க, கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல நிறைய. குடிகாரன், முசுடு, பொறுப்பில்லாதவன்னு பேர் வாங்கிட்டு போயிட்டாங்க, அவங்கள டாக்டர்கிட்ட யாரும் கூட்டிட்டு போகல.

தம்பிக்கு வந்திருக்கறது என்னன்னு நான் பார்க்காம சொல்ல முடியாது, ஆனா ரெண்டு விஷயத்த பிரிச்சு பார்க்கணும். பர்ன்அவுட்னு எல்லாரும் சொல்றத உலக சுகாதார நிறுவனம் 2019ல தன்னோட நோய்ப் பட்டியல்ல வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னு தான் சேர்த்தது, நோய்னு சொல்லல. மூணு அடையாளம்: சக்தியே இல்லாம தீர்ந்து போறது, வேலை மேல வெறுப்பு வந்து மனசால விலகிடறது, நாம எதுக்கும் லாயக்கில்லன்னு தோணறது. இது வேலையோட ஒட்டிட்டு இருக்கும், பத்து நாள் ஊருக்கு போனா கொஞ்சம் தெளியும். மனச்சோர்வுங்கற டிப்ரஷன் அப்படி இல்ல, ஊருக்கு போனாலும் கூடவே வரும், பிடிச்ச கிரிக்கெட் பிடிக்காது, பிள்ளைய தூக்கினா கூட ஒண்ணும் தோணாது, பசி போகும், விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்து அப்படியே கிடப்பாங்க. இது ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா வைத்தியம் வேணும், வேலைய விட்டா மட்டும் சரியாகாது. முதல் வகைய ரொம்ப நாள் கவனிக்காம விட்டா ரெண்டாவது வகைல கொண்டு போய் விடும்.

கம்பெனிகள் இதுக்கு பண்றது என்னன்னா புதன்கிழமை யோகா, ஒரு மெடிட்டேஷன் ஆப், வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கர். என்னையும் கூப்பிட்டு "ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்" பேச சொல்வாங்க. யோகா மேல எனக்கு வருத்தம் இல்ல, பண்றவங்களுக்கு உதவும். ஆனா காரணம் வேலை அமைப்புல இருக்கும்போது மருந்து மட்டும் ஆளுக்கு குடுத்தா, "உன்னால தாங்க முடியல, நீ கத்துக்கோ"ன்னு சொல்ற மாதிரி ஆகிடுது, ஏற்கெனவே தன்ன குறைவா நினைக்கற ஆளுக்கு அது இன்னொரு அடி. 2022ல உலக சுகாதார நிறுவனம் குடுத்த வழிகாட்டுதல்ல கூட வேலை அமைப்ப மாத்தறது, மேனேஜர்களுக்கு பயிற்சி குடுக்கறது எல்லாம் முக்கியமா இருக்கு. ஜப்பான்ல 2015 டிசம்பர்லேர்ந்து 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடங்கள்ல வருஷம் ஒரு தடவை மன அழுத்த பரிசோதனை நடத்தறது சட்டப்படி கட்டாயம். நம்ம ஊர்லயும் செலவில்லாம செய்யக்கூடியது நிறைய இருக்கு: பயோ ரிப்போர்ட்ட நிறுத்தறது, யாருக்கு எந்த ஷிஃப்ட்னு சொல்ற ரோஸ்டர ரெண்டு வாரம் முன்னாடியே குடுக்கறது, ஷிஃப்ட் முடிஞ்சா குரூப்ல மெசேஜ் போடாம இருக்கறது, டீம் லீடுக்கு லீவு அப்ரூவ் பண்ற அதிகாரத்தயாவது குடுக்கறது. இதுல ஒண்ணு ரெண்டு செஞ்ச இடத்துல ஆளுங்க முகம் மாறினத நான் பார்த்திருக்கேன்.

தம்பிக்கு இப்ப என்ன செய்யணும்? முதல்ல தூக்கம். ஒரு சைக்கியாட்ரிஸ்ட்ட பாருங்க, தயங்காதீங்க. காசு பிரச்சனைன்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கு, ஸ்டான்லி மாதிரி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்லயும் மனநல ஓபி இருக்கு. டாக்டர் லீவு எழுதிக் குடுத்தா அத பயன்படுத்த சொல்லுங்க. தம்பியோட டீம்ல மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கற பசங்களுக்கு இஎஸ்ஐ-ங்கற தொழிலாளர் காப்பீடு இருக்கும், கே.கே.நகர், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரில பார்க்கலாம், உடம்பு முடியாம லீவுல இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் கிடைக்கும், மனசு சம்பந்தப்பட்ட நோய்க்கும் அது பொருந்தும், பல பேருக்கு இது தெரியறதே இல்ல. கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தா, 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி உடம்பு நோய்க்கு குடுக்கற மாதிரியே மனநோய்க்கும் குடுக்கணும், ஆனா பெரும்பாலும் அட்மிட் ஆனா தான் கிடைக்கும், பாலிசிய ஒரு தடவை படிச்சு பாருங்க.

ஆபீஸ் பக்கம், நடக்கறத தேதி போட்டு எழுதி வெக்க சொல்லுங்க, யார் என்ன சொன்னாங்க, யார் பக்கத்துல இருந்தாங்கன்னு, ஆபீஸ் லேப்டாப்ல இல்ல, சொந்த நோட்டுல. அப்புறம் மேனேஜர்கிட்ட போய் "எனக்கு ஸ்ட்ரெஸ்"னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல, அத அவர் தம்பியோட குறைன்னு எழுதிப்பார். "சீட் ரெண்டு காலியா இருக்கு, டார்கெட் மாறல, இதுல எத விடணும்னு சொல்லுங்க"ன்னு மெயில்ல கேக்கணும். பதில் வந்தா நல்லது, வரலன்னா அந்த மெயில் இருக்கும். வேலைய விடறதா இருந்தா கோபத்துல ராத்திரி பன்னெண்டு மணிக்கு பேப்பர் போட வேணாம், நோட்டீஸ் பீரியட் எத்தன நாள், பி.எஃப்., இஎம்ஐ எல்லாம் பார்த்து, கொஞ்சம் தூக்கம் திரும்பின பிறகு முடிவு பண்ணட்டும். விடறது தோல்வின்னு அப்பா சொன்னா நீங்க குறுக்க நில்லுங்க.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடக் கூடாது. "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது", "எதுக்கு இருக்கணும்"ங்கற மாதிரி பேச்சு வந்தா, திடீர்னு கடன் எல்லாம் கணக்கு பார்த்து முடிக்க ஆரம்பிச்சா, குடி திடீர்னு ஜாஸ்தியானா, நேரா கேளுங்க, "சாகணும்னு தோணுதா"ன்னு. கேட்டா தோண வெச்ச மாதிரி ஆகிடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேட்டது பெரிய ஆறுதலா இருந்துச்சுன்னு தான் பின்னாடி சொல்வாங்க. அன்னிக்கு அவர தனியா விடாதீங்க. டெலிமானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன் 14416, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க, எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழ்நாடு அரசோட 104 ஹெல்ப்லைன் இருக்கு. 1986லேர்ந்து சென்னைல இயங்கற தற்கொலை தடுப்பு அமைப்பு ஸ்நேகா, 044-24640050. ஆபத்து கைமீறி தெரிஞ்சா ஃபோன்ல நேரம் போக்காம பக்கத்துல இருக்கற ஜிஹெச் கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போயிடுங்க.